கன்சோல் பிளக்-இன் போட்ட பிறகு மிக்ஸ் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடுவோம்

வீட்டில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் கன்சோல் எமுலேஷன் பிளக்-இன்னுக்கு (மிக்ஸிங் சாஃப்ட்வேருக்குள் சேர்த்துப் போடும் துணை நிரல்) வந்து சேர்கிறார்கள். ஸ்லேட் டிஜிட்டலின் விசிசி, வேவ்ஸின் என்எல்எஸ், பிரெய்ன்வொர்க்ஸின் பிஎக்ஸ் கன்சோல் வரிசை, சோனிமஸின் சாட்சன், இலவசமாகக் கிடைக்கும் ஏர்விண்டோஸ் கன்சோல் என்று பல உண்டு. நீவ், எஸ்எஸ்எல், ஏபிஐ போன்ற பழைய மிக்ஸிங் மேசைகளுக்குள் ஒலி புகுந்து வெளியே வரும்போது அதற்கு என்னவெல்லாம் நடக்குமோ, அதைக் கணக்கு வழியாகச் செய்து காட்டுவதுதான் இவற்றின் வேலை.

இதைப் போட்டால் கெயின் ஸ்டேஜிங் (ஒவ்வொரு கட்டத்திலும் ஒலியின் அளவைச் சரியாக வைப்பது) தானாகச் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பிளக்-இன் தன்னிடம் ஒரு குறிப்பிட்ட அளவில் ஒலி வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அந்த அளவில் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். கூட்டியோ குறைத்தோ கொடுத்தால் அதற்குத் தகுந்த தொல்லை வரும். எனவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றேதான்: உள்ளே போகும் அளவு என்ன?

முதலில் ஒரு டோன் போட்டுப் பாருங்கள்

அறிகுறிகளுக்குப் போகும் முன் இந்த 5 நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். ஒரு காலி ட்ராக்கில் டோன் ஜெனரேட்டர் போட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை -18 டிபிஎஃப்எஸ் (கம்ப்யூட்டருக்குள் ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கு) அளவில் வையுங்கள். அதற்கு அடுத்து கன்சோல் பிளக்-இன். அதிலுள்ள வியூ மீட்டரின் (சராசரி ஒலி அளவைக் காட்டும் ஊசி மீட்டர்) ஊசி பூஜ்ஜியத்தில் நின்றால் உங்கள் பிளக்-இன்னின் அளவுகோல் -18. பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கும். சிலவற்றில் -20 இருக்கலாம், சிலவற்றில் நாமே மாற்றிக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இந்த -18 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். நிஜ மேசைகளில் 0 வியூ என்பது +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். ஊசி அங்கே ஆடிக்கொண்டிருக்கும்படி வேலை செய்வது வழக்கம். அதற்கு மேலும் 18, 20 டெசிபல் வரை தாளம் எகிறினாலும் மேசை தாங்கும். கம்ப்யூட்டரில் 0 டிபிஎஃப்எஸ் என்பது கூரை. அந்தக் கூரையிலிருந்து 18 டெசிபல் இறங்கி வந்து, இதுதான் மேசையின் பூஜ்ஜியம் என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு குழப்பம் இங்கேயே வரும். உச்சத்தைக் காட்டும் பீக் மீட்டரில் -18 காட்டும் அதே சைன் அலை, சராசரியைக் காட்டும் சில ஆர்எம்எஸ் மீட்டர்களில் -21 என்று காட்டும். எதுவும் பழுதில்லை. சைன் அலையின் ஆர்எம்எஸ் அதன் உச்சத்தைவிட 3 டெசிபல் குறைவு. சில மீட்டர்கள் ஏஇஎஸ் 17 என்ற அளவீட்டு முறைப்படி அந்த 3-ஐச் சேர்த்துக் காட்டுகின்றன, சில சேர்ப்பதில்லை. உங்கள் மீட்டரின் அமைப்புகளில் அதற்கொரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மிக்ஸ் முழுவதும் 3 டெசிபல் தவறிப் போகும்.

பிளக்-இன்னில் மீட்டரே இல்லையென்றால் டிபிப்ரோஆடியோவின் எம்வி மீட்டர் 2 போதும். அது இலவசம்.

"போட்டேன், எடுத்தேன், ஒரு மாற்றமும் கேட்கவில்லை"

ஊசியைப் பாருங்கள். அடியிலேயே படுத்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குறைவான அளவில் ரெக்கார்ட் செய்வது நல்லது என்று கேள்விப்பட்டு, உச்சமே -24-ஐத் தாண்டாமல் பதிந்திருப்பார்கள். அப்படியென்றால் சராசரி -36 பக்கம் இருக்கும். அந்த அளவில் மேசைக்கு வேலையே இல்லை.

ஏன் என்று கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். இந்த மேசைகள் ஒலிக்குச் சேர்க்கும் நிறத்தில் முக்கியமானது மூன்றாம் ஹார்மானிக், அதாவது அசல் அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் பிறக்கும் ஒலி. உள்ளே போகும் அளவை 1 டெசிபல் ஏற்றினால் அது 3 டெசிபல் ஏறும். அசல் ஒலியோடு ஒப்பிட்டால் 2 டெசிபல் கூடுதல். ஒரு பேச்சுக்கு, -18-இல் அந்த ஹார்மானிக் அசலைவிட 70 டெசிபல் கீழே இருக்கிறது என்று வையுங்கள். 6 டெசிபல் ஏற்றினால் 58 கீழே வந்துவிடும். 12 டெசிபல் இறக்கினால் 94 கீழே போய்விடும். அதை எந்தக் காதும் கேட்காது. கொஞ்சம் ஏற்றினாலும் நிறம் சட்டென்று மாறுவதற்கும், கொஞ்சம் இறக்கினாலும் காணாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு, நிறத்தைக் கூட்டும் டிரைவ் குமிழைத் திருக வேண்டாம். பிளக்-இன்னுக்கு முன்பாகவே கிளிப்பின் (ட்ராக்கில் பதிந்த ஒலித்துண்டு) அளவை ஏற்றுங்கள். டிரைவ் என்பது அளவு சரியான பிறகு ருசிக்கு உப்பு போடும் இடம்.

அளவு சரியாக இருந்தும் கேட்கவில்லையா? ஒரே ட்ராக்கை சோலோ போட்டு (தனியாக ஒலிக்கவிட்டு) வித்தியாசம் தேடிக்கொண்டிருக்கலாம். ஒரு ட்ராக்கில் இதன் வேலை மிகச் சிறியது. இருபது, முப்பது ட்ராக்கில் சேர்ந்தால்தான் தெரியும். விசிசியிலும் என்எல்எஸ்ஸிலும் எல்லா ட்ராக்கையும் குழுவாகக் கட்டி ஒரே இடத்திலிருந்து இயக்கும் வசதி இருக்கிறது. மொத்தமாக அணைத்து, மொத்தமாகப் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம் ஒரு உறுதியான சோதனை. ட்ராக்கை நகலெடுத்து, ஒன்றில் மட்டும் பிளக்-இன் போட்டு, மற்றொன்றின் போலாரிட்டியைத் திருப்பிவிடுங்கள் (அலை மேல் கீழாகப் புரளும்). இரண்டும் ஒன்றையொன்று அழிக்க, மிச்சமிருப்பதுதான் பிளக்-இன் சேர்த்தது. அந்த மிச்சம் அதே பாட்டாகவே மெலிதாகக் கேட்டால் வெறும் அளவு வித்தியாசம் அல்லது லேசான ஈக்யூ. முரமுரவென்று வேறு ஒலியாகக் கேட்டால் ஹார்மானிக் சேர்கிறது என்று பொருள்.

இத்தனைக்குப் பிறகும் மிச்சம் மிகக் குறைவாக இருந்தால் ஏமாற வேண்டாம். அந்தக் காலத்து மேசைகளைக் கட்டியவர்கள் டிஸ்டார்ஷனைக் குறைக்கத்தான் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்கள். நல்ல மேசை நடு அளவில் சுத்தமாகவே ஒலிக்கும்.

"போட்டதும் பிரமாதம், மறுநாள் கேட்டால் காது களைக்கிறது"

சத்தம் கூடியிருக்கிறது, அவ்வளவே. 1 டெசிபல் கூடினால்கூட நம் காது அதை "சத்தம் அதிகம்" என்று சொல்லாது. "தெளிவாக இருக்கிறது, அடி நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். எல்லா மனிதருக்கும் இப்படித்தான்.

வெளியே வரும் அளவை உள்ளே போன அளவுக்கு இணையாக இறக்குங்கள். 0.2 டெசிபலுக்குள் வந்தால் போதும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிளக்-இன்னை அணைத்துப் போடும் பைபாஸ் பொத்தானை எது எதுவென்று மறக்கும் வரை பலமுறை அழுத்தி, பிடித்த நிலையில் நிறுத்தி, கண்ணைத் திறந்து பாருங்கள். நான் இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு, பல ட்ராக்குகளில் பிளக்-இன்னை எடுத்தே விட்டேன். மிச்சமிருந்தவற்றில் அது இருக்க வேண்டிய காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"பாட்டு முழுக்கக் கரகரப்பு, எல்லாம் ஒட்டிக்கொண்ட மாதிரி"

அதிகம் கேட்கப்படுவது இதுதான், எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சாம்பிள் லைப்ரரிகளும் வாங்கிய லூப்களும் பெரும்பாலும் உச்சம் 0-க்கு ஒட்டினாற்போல வரும். அவற்றை அப்படியே கன்சோல் பிளக்-இன்னுக்குள் விட்டால், மேசையின் பூஜ்ஜியத்துக்கு 10, 12 டெசிபல் மேலே அடிக்கிறீர்கள். 32-பிட் ஃப்ளோட்டில் வேலை செய்கிறோமே, எவ்வளவு ஏறினாலும் உச்சம் வெட்டுப்படாதே என்று கேட்கலாம். சாஃப்ட்வேரின் கூட்டல் கழித்தலுக்கு அது உண்மை. ஆனால் கன்சோல் பிளக்-இன் அளவைப் பார்த்து நடத்தையை மாற்றுகிற பொருள். அதற்கு 32-பிட்டும் ஒன்றுதான், 16-பிட்டும் ஒன்றுதான். அளவு ஏறினால் கரகரக்கும்.

சரி, ஒவ்வொரு ட்ராக்கையும் 0 வியூவுக்கு இறக்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. எல்லா வாத்தியத்துக்கும் ஒரே அளவு என்று வைத்தால் வேறு விதமாகக் கெடும்.

வியூ மீட்டர் 1939-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஊசி ஒரு தொடர் ஒலிக்கு முழுமையாக எழும்ப 300 மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் தம்புராவுக்கு அது பொருத்தம். நின்று ஒலிப்பதால் ஊசி ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். பூஜ்ஜியத்தில் வைத்தால் சரி. வயலின், ஆர்கன், பேட் (நீண்டு நிற்கும் கீபோர்டு ஒலி) எல்லாம் அப்படியே.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டி அடிக்கும் அந்த அடி சில மில்லி செகண்டில் உச்சிக்குப் போய்த் திரும்பிவிடும். ஊசி கிளம்புவதற்குள் அடி முடிந்திருக்கும். உச்சம் -8 வரை எகிறிக்கொண்டிருக்கும்போதும் ஊசி -10 வியூவைக்கூடத் தொடாமல் இருக்கலாம். அந்த ஊசியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெயினை ஏற்றினால், அடியின் தலை முழுவதும் பிளக்-இன்னுக்குள் நசுங்கும். எனக்கு இது நேர்ந்தது. ஒரு கோயில் திருவிழாப் பாடலில் தவிலை வியூ மீட்டரைப் பார்த்தே ஏற்றி வைத்திருந்தேன். வாசித்தவர் கேட்டுவிட்டு, "தம்பி, என் கை விழுகிற சத்தம் எங்கே?" என்றார். சொற்களெல்லாம் மழுங்கி, தவில் பக்கத்து அறையில் ஒலிப்பது போல இருந்தது. அளவை 9 டெசிபல் இறக்கியதும் கை திரும்ப வந்தது.

எனவே தாள வாத்தியங்களுக்கு ஊசியை நம்பாமல் பீக் மீட்டரைப் பாருங்கள். தவில், பறை, கிக், ஸ்னேர் போன்றவற்றில் உச்சம் -10-இலிருந்து -6-க்குள் வரும்படி வைத்தால் பாதுகாப்பு. மிருதங்கம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வலந்தலையின் அடி கூர்மையானது, தொப்பியின் கும்கி நீண்டு உருளும். இரண்டு மைக் வைத்துத் தனித்தனியே பதிந்திருந்தால் வலந்தலையைப் பீக்கிலும் தொப்பியை வியூவிலும் பார்த்து அமையுங்கள். ஒரே மைக் என்றால் பீக்கையே பாருங்கள். ஜால்ரா, சலங்கை, ஹை-ஹேட் ஆகியவற்றில் ஊசி அசையவே அசையாது. அதுவே சரி, விட்டுவிடுங்கள்.

குரல் இன்னொரு வகை. கீழ் ஸ்தாயியில் பாடும்போது சுத்தமாக இருக்கிறது, தார ஸ்தாயிக்குப் போனதும் கரகரக்கிறது என்றால் சராசரியைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். அனுபல்லவியின் உச்சியை வைத்து அளவை அமையுங்கள். அதனால் பல்லவி மிகக் கீழே போய்விடும் என்றால், அந்த வரிகளை மட்டும் வெட்டி கிளிப் கெயினில் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள். கம்ப்ரஸர் (உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் கருவி) போட்டு இழுப்பதைவிட இது பாடகரின் மூச்சைக் காப்பாற்றும். நேரம் எடுக்கும் வேலைதான். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் செலவழித்தாலும் தகும்.

"ஃபேடரை இறக்கிவிட்டேன், கரகரப்பு அப்படியே இருக்கிறது"

இறக்கினால் போகாது. பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் ட்ராக்கில் போடும் (இன்சர்ட்) பிளக்-இன்கள், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னால் இருக்கின்றன. ஃபேடர் கரகரத்த ஒலியைத்தான் குறைக்கிறது. வால்யூம் ஆட்டோமேஷனும் அந்த வகையே.

பிளக்-இன்னுக்கு முன்னால் இருக்கும் பிடியைத் தேடுங்கள். ப்ரோ டூல்ஸில் கிளிப் கெயின், கியூபேஸில் ப்ரீ-கெயின், ரீப்பரில் ஐட்டம் வால்யூம், லாஜிக்கில் முதல் ஸ்லாட்டில் கெயின் பிளக்-இன், ஏபிள்டனில் யுடிலிட்டி, எஃப்எல் ஸ்டூடியோவில் சேனல் ரேக்கின் வால்யூம் குமிழ். இவற்றில் கை வைத்தால் கரகரப்பு குறையும், கூடவே சத்தமும் குறையும். குறைந்த சத்தத்தை ஃபேடரில் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்லாட் வரிசையும் முக்கியம். கன்சோலுக்கு முன்னால் ஒரு ஈக்யூவில் 6 டெசிபல் ஏற்றியிருந்தால், நீங்கள் முதலில் அளந்துவைத்த பூஜ்ஜியம் இப்போது பூஜ்ஜியம் இல்லை. ஈக்யூ, கம்ப்ரஸர் எதை மாற்றினாலும் கன்சோலின் ஊசியை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

"ஒவ்வொரு ட்ராக்கும் பூஜ்ஜியத்தில்தான் இருக்கிறது, மாஸ்டர் மட்டும் சிவப்பு"

கெயின் ஸ்டேஜிங் படித்துப் பொறுமையாகச் செய்தவர்களுக்கே வரும் சிக்கல் இது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஒலிகளைக் கூட்டும்போது, எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மொத்த அளவு சுமார் 3 டெசிபல் ஏறும். 32 ட்ராக் என்றால் 15 டெசிபல். எல்லாமே சராசரி -18-இல் நின்று, ஃபேடர்களும் எல்லாம் பூஜ்ஜியத்திலேயே இருந்தால், மாஸ்டரின் (எல்லா ட்ராக்கும் கடைசியில் கூடும் இடம்) சராசரி -3 ஆகிவிடும். உச்சங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். மாஸ்டரில் இருக்கும் கன்சோல் பஸ் (பல ட்ராக்குகள் சேர்ந்து போகும் வழி) பிளக்-இன் அதைப் பூஜ்ஜியத்துக்கு 15 டெசிபல் மேல் என்று எடுத்துக்கொள்ளும்.

சேனலை அளந்தது சேனல் பிளக்-இன்னுக்காக. பஸ்ஸை மறுபடி தனியாக அளக்க வேண்டும். ஃபேடர்களை முதலிலேயே கீழே இறக்கி வைத்து, முக்கியமான குரலையும் தாளத்தையும் வைத்து மிக்ஸை எழுப்புங்கள். மாஸ்டரில் பஸ் பிளக்-இன்னுக்கு முன்னால் ஒரு கெயின் பிளக்-இன் வையுங்கள். பாட்டின் மிக நெருக்கமான இடத்தை ஓடவிட்டு, ஊசி பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆடும்படி அந்த கெயினைச் சரிசெய்யுங்கள். எல்லா ஃபேடரையும் தேர்ந்தெடுத்து மொத்தமாக இறக்கினாலும் சரிதான்; ஆனால் குழு பஸ்களில் கம்ப்ரஸர் இருந்தால் அவற்றின் வேலை மாறிவிடும். அதனால் நான் கெயின் பிளக்-இன் வழியைத்தான் விரும்புகிறேன்.

மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்கிவிட்டு சிவப்பு போய்விட்டது என்று நிம்மதி அடைய வேண்டாம். அது பஸ் பிளக்-இன்னுக்குப் பின்னால் இருக்கலாம். உங்கள் சாஃப்ட்வேரில் எது முன்னால், எது பின்னால் என்று அந்த சைன் டோனையே வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

"அடி ஒலி கலங்கி, சேறு மாதிரி"

நீவ் வகை மேசைகளின் வழியில் டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, ஒரே வோல்ட்டாக இருந்தாலும் அதிர்வெண் குறையக் குறைய சீக்கிரம் நிரம்பிவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் சுத்தமாகத் தாங்கும் அளவை 40 ஹெர்ட்ஸில் தாங்காது. அந்த நடத்தையையும் சேர்த்துப் பிரதியெடுத்த பிளக்-இன்களில் பேஸ் கிட்டாருக்கும் தொப்பிக்கும் முதலில் அடி விழும்.

முதலில், தேவையில்லாத அடி ஒலியைக் கன்சோலுக்கு முன்னாலேயே வடிகட்டுங்கள். குரலிலும் புல்லாங்குழலிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் மைக் ஸ்டாண்டு அதிர்வும் மின்விசிறியும்தான். அது காதுக்குத் தெரியாது, ஆனால் பிளக்-இன்னுக்குத் தெரியும். அப்புறம் பேஸ் ட்ராக்கை மட்டும் பூஜ்ஜியத்துக்கு 3, 4 டெசிபல் கீழே வைத்துப் பாருங்கள்.

சேறு மாஸ்டர் பஸ்ஸில்தான் வருகிறது என்றால் அது இன்டர்மாடுலேஷன். 1000, 1100 ஹெர்ட்ஸ் இரண்டும் ஒன்றாக ஒரு சாச்சுரேஷனுக்குள் (ஹார்மானிக் சேர்க்கும் பகுதி) போனால் 900, 1200 போன்ற, யாரும் வாசிக்காத ஸ்வரங்களும் வெளியே வரும். சேனலில் தனித்தனியே போகும்போது இது குறைவு; பஸ்ஸில் எல்லாம் கலந்து போவதால் அதிகம். பஸ்ஸின் டிரைவைக் குறைத்து, நிறத்தைச் சேனல்களிலேயே சேர்த்துக்கொள்வது இதற்கு மருந்து.

"மேல் ஒலியில் மணல் கொட்டினது போல"

ஜால்ராவும் சலங்கையும் இருக்கும் பாடல்களில் இதைக் கேட்கலாம். 44.1 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும்போது 22.05-க்கு மேலான எதையும் அந்த ஃபைலில் வைக்க முடியாது. சாச்சுரேஷன் புதிய ஹார்மானிக்குகளை உண்டாக்கும். எல்லைக்கு மேலே போனவை மடங்கிக் கீழே விழும். 9 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் மூன்றாம் ஹார்மானிக் 27, அது 17.1 கிலோஹெர்ட்ஸில் விழும். ஐந்தாம் ஹார்மானிக் 45. அது 900 ஹெர்ட்ஸில் வந்து விழும். ஜால்ராவை அடித்தால் குரல் இருக்கும் இடத்தில் அபஸ்வரம்! அளவில் சிறியதுதான், ஆனால் ஸ்ருதியோடு சேராததால் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கும்.

பிளக்-இன்னில் ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே மட்டும் அதிக சாம்பிள் வேகத்தில் கணக்குப் போடும் வசதி) இருந்தால் போடுங்கள். மிக்ஸ் செய்யும்போது கம்ப்யூட்டர் திணறினால் பவுன்ஸ் செய்யும்போது (மிக்ஸை ஃபைலாக எடுக்கும்போது) மட்டுமாவது போடுங்கள். சில பிளக்-இன்களில் இதற்கென்றே தனி அமைப்பு உண்டு. ஓவர்சாம்ப்ளிங்கே இல்லையென்றால் ஜால்ரா, சலங்கை, சிம்பல் ட்ராக்குகளிலிருந்து கன்சோலை எடுத்துவிடுவதுதான் நல்லது. எல்லா ட்ராக்கிலும் போட்டே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"பாட்டு நிற்கும் இடத்தில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்"

பிளக்-இன் மேசையின் இரைச்சலையும் சேர்த்துக் கொடுக்கிறது. மேலே சொன்ன அதே கூட்டல் கணக்கு இங்கும் வரும். ஒரு சேனலில் -85 இருந்தால் 32 சேனலில் -70. பிறகு மாஸ்டரிங்கில் 10 டெசிபல் ஏற்றினால் -60. ஆலாபனை முடிந்து குரல் அடங்கும் இடத்தில் அது நன்றாகவே கேட்கும். இரைச்சலை அணைக்கும் பொத்தான் பெரும்பாலும் இருக்கும், அணைத்துவிடுங்கள். நிறம் அதனால் குறையாது.

"பேரலல் ட்ராக் சேர்த்ததும் ஒலி உள்ளே காலியானது போல ஆகிறது"

ஒரு ட்ராக்கையே இரண்டாக்கி, ஒன்றில் மட்டும் கன்சோல் போட்டிருக்கிறீர்களா? ஓவர்சாம்ப்ளிங் செய்யும் பிளக்-இன் ஒலியைச் சில சாம்பிள் தாமதமாக்கும். சாஃப்ட்வேரின் டிலே காம்பன்சேஷன் (அந்தத் தாமதத்தை ஈடுகட்டும் வசதி) அணைந்திருந்தால் இரண்டும் உரசி, குழாய்க்குள் பேசுவது போல ஆகும். முதலில் அதைப் பாருங்கள். அது சரியாகவே இருந்தும் மேல் ஒலி மங்கினால், பிளக்-இன்னின் ஃபில்டர் ஃபேஸைத் திருப்புகிறது என்று பொருள். இரண்டு பிரதியிலும் ஒரே பிளக்-இன்னை ஒரே அமைப்பில் போடுங்கள், அல்லது இரண்டும் சேர்ந்து போகும் பஸ்ஸுக்கு அதை மாற்றிவிடுங்கள்.

"நடுவில் இருந்த குரல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது"

நிஜ மேசையில் எந்த இரண்டு சேனலும் முழுக்க ஒன்றாக இருக்காது. 'பிஎக்ஸ் கன்சோல் என்' என்ற பிளக்-இன் 72 சேனல்களைத் தனித்தனி நடத்தையோடு தருகிறது. ஸ்டீரியோ ட்ராக்கில் இடப்பக்கம் ஒரு சேனல், வலப்பக்கம் இன்னொன்று என்று அமைந்தால் ஒலி சற்று விரியும். பேடுக்கும் கோரஸுக்கும் அது அழகு. நடுவில் நிற்க வேண்டிய குரலை ஸ்டீரியோ ட்ராக்கில் வைத்து அப்படிப் போட்டால் சாயும். குரலை மோனோ ட்ராக்குக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டு பக்கமும் ஒரே சேனலைப் பயன்படுத்தும் நிலையைத் தேர்ந்தெடுங்கள்.

"ஏர்விண்டோஸ் கன்சோல் மட்டும் விசித்திரமாக நடக்கிறது"

இது மற்றவற்றைப் போல வேலை செய்வதில்லை. கிறிஸ் ஜான்சன் இதை இரண்டு பாதியாகக் கட்டியிருக்கிறார். சேனல் பகுதி ஒலியை ஒரு வளைவுக்குள் மடிக்கும், பஸ் பகுதி அதே வளைவை நேராக்கும். ஒரே ஒரு ட்ராக் ஓடினால் போனது போலவே வெளியே வரும். பல ட்ராக்குகள் நடுவில் கூடும்போதுதான் மாற்றம் பிறக்கிறது.

இதனால் சேனலை மட்டும் போட்டு பஸ்ஸை மறந்தால் ஒலி அமுங்கும். பஸ்ஸை மட்டும் போட்டால் உச்சங்கள் முள்ளாகக் குத்தும். இரண்டுக்கும் நடுவில் ஃபேடரோ, ஈக்யூவோ, கம்ப்ரஸரோ வந்தால் வளைவு பொருந்தாது. சேனல் பகுதி ட்ராக்கின் கடைசியில், முடிந்தால் ஃபேடருக்கும் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் சாஃப்ட்வேர் அதற்கு இடம் தராவிட்டால் ஃபேடரைப் பூஜ்ஜியத்தில் விட்டுவிட்டு, அதற்கு முன்னால் ஒரு கெயின் பிளக்-இன்னை வைத்து மிக்ஸ் செய்யுங்கள். பஸ் பகுதி மாஸ்டரின் முதல் ஸ்லாட்டில் இருக்க வேண்டும். நடுவில் தாளக் குழு என்று ஒரு பஸ் இருந்தால், அதன் முதலில் ஒரு பஸ் பகுதி, கடைசியில் ஒரு சேனல் பகுதி.

"மிக்ஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் சத்தமே இல்லை என்கிறார்கள்"

-18-ஐ அடிப்படையாக வைத்துச் செய்த மிக்ஸ், கடையில் வாங்கிய பாட்டின் பக்கத்தில் மெலிதாகவே கேட்கும். கேட்பவர் தயாரிப்பாளராக இருந்தால் மனம் பதைக்கும், புரிகிறது. அந்தப் பதைப்பில் மிக்ஸைத் திறந்து ட்ராக்குகளை ஏற்றாதீர்கள். இதுவரை அளந்த எல்லா ஊசியும் ஒரே நிமிடத்தில் கலைந்துவிடும். மாஸ்டரிங்குக்குப் போக வேண்டிய ஃபைலை லிமிட்டர் (உச்சங்களைத் தடுத்து நிறுத்தும் கருவி) இல்லாமல், 24-பிட்டில் அப்படியே பவுன்ஸ் செய்து வையுங்கள். அதன் நகல் ஒன்றில் மட்டும், எல்லா பிளக்-இன்னுக்கும் கடைசியாக ஒரு லிமிட்டர் போட்டுச் சத்தத்தை ஏற்றி, "கேட்க மட்டும்" என்று பெயர் வைத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள்.